செடி ஊருக்குப் பொது, அரிப்பு ஒருவருக்கு

“தோட்டத்துக்குப் போய் வந்தால் முகமும் கழுத்தும் அரிக்கிறது, என்ன மருந்து போடலாம்?” நம் இதழின் கேள்வி-பதில் பகுதியில் இந்தக் கேள்வி ஏதாவது ஓர் உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் கரும்புச் சோகையைச் சொல்வார். ஒருவர் மக்காச்சோளத் தட்டைச் சொல்வார். இன்னொருவர் எதனால் என்றே தெரியவில்லை என்பார். ‘தோல் மருத்துவரைப் பாருங்கள், ஒத்துக்கொள்ளாத பொருளைத் தவிருங்கள்’ என்று பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய மறுநாள் காலையில், மாட்டுக்குத் தட்டு அறுக்க யார் போவது என்பதில்தான் விவசாயக் குடும்பத்துக்குச் சிக்கல் தொடங்குகிறது.

என் வீட்டுக்காரருக்கு ஒவ்வாமை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தாராபுரம் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். அதில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், கொஞ்சம் முருங்கை. மிச்சம் கொறங்காடு. நான்கு கறவை மாடுகள். இதை விட்டால் வேறு பிழைப்பு இல்லாத நிலையில், ஒவ்வாமையோடு விவசாயம் செய்ய நாங்கள் கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன். இதே அரிப்போடு இருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு இரண்டு வருட அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

காணாக்கடியும் கரப்பான் பண்டமும்

முதலில் கண் இமை சிவந்து தடித்தது. பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும், முழங்கை மடிப்பிலும் சொறி. சட்டை மூடிய இடத்தில் ஒன்றும் இல்லை. ராத்திரி ஆனால் அரிப்பு கூடும். சொறிந்து சொறிந்து நீர் வடிந்து, காய்ந்து, தோல் கறுத்து மாட்டுத்தோல் மாதிரி தடித்துப்போனது.

என் மாமியார் இதைக் காணாக்கடி என்றார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்று பொருள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். உறவுக்காரர்கள் கரப்பான் என்றார்கள். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை, கம்பு எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்தினோம். ஐந்து மாதம் பத்தியச் சோறு. ஆள் இளைத்தார், அரிப்பு குறையவில்லை. பிறகு மருத்துவர் சொன்னது இது: தோலில் பட்டு வருகிற ஒவ்வாமை வேறு, சாப்பாட்டினால் வருகிற ஒவ்வாமை வேறு. சாப்பிட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று வந்தால் உணவைச் சந்தேகிக்கலாம். முகம், கழுத்து, கை என்று வெளியே தெரிகிற இடங்களில் மட்டும் மாதக்கணக்கில் சொறி இருந்தால், தோலில் என்ன படுகிறது என்று தேட வேண்டும். இது தெரியாமல் நம் ஊர்களில் எத்தனையோ பேர் நல்ல சாப்பாட்டை விட்டுவிட்டுச் செடியை விடாமல் இருக்கிறார்கள்.

அரிப்பைவிட மனிதர்கள் விலகியதுதான் அவரை அதிகம் வாட்டியது. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நகர்ந்து உட்காருவார். எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்த சமயம். பேத்தியைத் தூக்க இவர் கையை நீட்டினார். சம்பந்தியம்மா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குழந்தை வந்தால் இவர் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

பால் கணக்கு நோட்டு

இந்த வகை ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்றால், தொட்ட உடனே அரிப்பதில்லை. ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்துத்தான் கிளம்பும். திங்கட்கிழமை பட்டது புதன்கிழமை அரிக்கும். புதன்கிழமை செய்த வேலைமேல் பழி விழும். சுண்ணாம்பு, உரம், மிளகாய்க் காரம் போன்றவை பட்டால் எரிவது வேறு. அது யாருக்குப் பட்டாலும் எரியும், உடனே எரியும். ஒவ்வாமை அப்படியில்லை. பத்துப் பேர் அதே வேலையைச் செய்தாலும் ஒருவருக்குத்தான் வரும்.

சங்கத்துக்குப் பால் ஊற்றும் கணக்கை நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அதிலேயே பக்கத்தில் ஒரு கோடு போட்டு, இன்றைக்கு அவர் எந்தப் பக்கம் போனார், என்ன வேலை செய்தார், ராத்திரி அரிப்பு எப்படி என்று ஒரு வரி எழுதத் தொடங்கினேன். ‘கிழக்கு வரப்பு, களை. அரிப்பு இல்லை.’ ‘வீட்டில். அரிப்பு அதிகம்.’ முதல் மாதம் தலையும் வாலும் புரியவில்லை. நான்கைந்து மாதம் சேர்ந்த பிறகு மூன்று விஷயங்கள் தெரிந்தன. அரிப்பு கூடுவதற்கு ஓரிரு நாள் முன்னால் அவர் வரப்போரமோ தார் ரோட்டோரமோ வேலை செய்திருந்தார். மழை பெய்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத் தொந்தரவு ஏறியது. பொங்கலுக்கு என் தங்கை வீட்டுக்கு, டவுனுக்குப் போய் எட்டு நாள் இருந்தபோது முகம் வெளுத்துத் தெளிந்திருந்தது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனோம். மருத்துவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “உங்க வரப்புல பார்த்தீனியம் இருக்காம்மா?” என்று கேட்டார். இருக்கிறதா என்பதா கேள்வி! அது இல்லாத வரப்பு எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது?

முதுகில் சிறுசிறு ஒட்டுகளாக மருந்து வைத்து ஒட்டினார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கிற வேலை செய்யக்கூடாது. பிரித்துப் பார்த்தபோதும், அதற்கு அடுத்து வரச்சொன்ன நாளிலும், பார்த்தீனியச் சாறு வைத்த இடம் மட்டும் சிவந்து புடைத்திருந்தது. இந்தச் சோதனையை மருத்துவர்தான் செய்ய வேண்டும். செடியைக் கசக்கிக் கையில் தேய்த்து நாமே பார்க்கலாம் என்று யாரும் இறங்கிவிடக் கூடாது. நோய் இல்லாதவருக்கும் அப்படித் தேய்ப்பதே ஒவ்வாமையைத் தொடங்கி வைக்கலாம்.

“இது ஒட்டுவாரொட்டி இல்லைங்கம்மா. தொட்டாலோ, ஒரே தட்டுல சாப்பிட்டாலோ யாருக்கும் வராது” என்று மருத்துவர் சொன்னதை, ஊருக்கு வந்ததும் முதலில் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணன்கிட்ட நானே பேசறேனுங்க, போனைக் குடுங்க” என்றார். நோயின் பெயர் தெரிவதே பாதி மருந்து என்பதை அன்றைக்கு உணர்ந்தேன்.

வந்தேறிய செடி

பார்த்தீனியம் நம் மண்ணில் பிறந்த செடி இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் அதன் தாயகம். 1950-களில் புனேயில் இது இருப்பது கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு விதை கலந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது. கேரட் தழை போன்ற இலை, நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். விதை மிக லேசானது. காற்று, வாய்க்கால் தண்ணீர், டிராக்டர் சக்கரம், தட்டுக் கட்டு என எதில் வேண்டுமானாலும் பயணம் போகும்.

இலை, தண்டு, பூ எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் இருக்கின்றன. அவற்றில் பார்த்தெனின் என்ற பொருள் இருக்கிறது. அதுதான் தோலுக்கு ஆகாதது. செடி காய்ந்தாலும் வீரியம் போவதில்லை. காய்ந்து உதிர்ந்த தூள் புழுதியோடு பறந்து வந்து தோலில் படிகிறது. அதனால்தான் இவர் செடியைத் தொடாத நாட்களிலும் அரித்தது. கண் இமை, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு என்று தூசி தங்குகிற இடமெல்லாம் சொறி வந்தது. இதன் மகரந்தம் சிலருக்குத் தும்மல், மூக்கடைப்பு, இளைப்பு ஆகியவற்றையும் கொண்டுவரும். மாடு தீவனத்தோடு இதைத் தின்றால் பால் கசக்கும்.

ஒவ்வாமை ஏன் ஒருவருக்கு வருகிறது, ஒருவருக்கு வருவதில்லை என்று கேட்டபோது மருத்துவர் சொன்னதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். ஒரு பொருள் திரும்பத் திரும்பத் தோலில் பட்டுப் பட்டு, ஏதோ ஒரு நாளில் உடம்பு அதை எதிரி என்று பதிவு செய்துகொள்ளும். சிலருக்கு அதற்கு ஒரு வருடம் போதும். சிலருக்கு இருபது வருடம் ஆகும். பலருக்கு வராமலே போகும். ஒருமுறை பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது. எனவே ‘இத்தனை வருடம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பது இனிமேலும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

போகாதே என்றால் எங்கே போவது

“அந்தச் செடி இருக்கிற இடத்துக்குப் போகாதீங்க” என்று மருத்துவர் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் ஒன்றும் பேசவில்லை. வீடு வந்து சேர்ந்ததும், “காட்டைக் குத்தகைக்கு உட்டுட்டு, மில்லுல வாட்ச்மேன் வேலைக்குப் போயறட்டுமா?” என்றார். நான்கு தலைமுறையாகக் கைமாறாத காடு. மாடுகளை விற்க இரண்டு வியாபாரிகளிடம் பேசியும் வைத்தார்.

அன்று இரவு நானும் அவரும் உட்கார்ந்து, தோட்டத்து வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி இரண்டாகப் பிரித்தோம். கொட்டகை, பால் கறப்பது, மோட்டார், சொட்டுநீர்க் குழாய், மருந்துக் கணக்கு, சந்தை எல்லாம் அவருக்கு. வரப்பு, வேலியோரம், களை எனக்கும் கூலி ஆட்களுக்கும். தட்டு அறுப்பது நடுக்காட்டில் மட்டும் அவர். ஓரம் இரண்டு சால் நான் அறுத்து, அதில் பார்த்தீனியம் இருந்தால் பிரித்துப் போட்டுவிட்டு, பிறகுதான் கட்டு கொட்டகைக்கு வரும். ஒரு ஆண் வீட்டோரம் வேலை செய்ய, பெண் வேலியோரம் போவதைப் பார்த்துப் பேசியவர்களும் உண்டு. பேசியவர்கள் யாரும் ஒரு ராத்திரி வந்து அவர் முதுகைச் சொறிந்துவிடவில்லை.

அன்றாட நடைமுறை என்று நாங்கள் வைத்திருப்பது இவ்வளவுதான்:

- முழுக்கைச் சட்டை, காலர் வரை பொத்தான், கழுத்தையும் காதையும் சேர்த்து மெல்லிய பருத்தித் துண்டு. இந்தச் சொறி இருப்பவர்களுக்கு வெயிலும் ஆகாமல் போவதுண்டு. ஆகவே வெளிவேலை காலையிலும் சாயங்காலத்திலும்தான்.
- காட்டுக்குப் போடும் துணி வீட்டுக்குள் வராது. குளியலறை வாசலில் கழற்றி, நேரே தண்ணீரில் நனைத்துவிடுவோம். துவைத்த துணியை வேலியில் காயப்போடுவதில்லை. வீட்டு முற்றத்துக் கொடியில்தான்.
- வந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியல். நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. துடைத்த கையோடு, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். வறண்ட தோல்தான் அதிகம் அரிக்கும்.
- நகத்தை ஒட்ட வெட்டி வைக்க வேண்டும். தூக்கத்தில் சொறிந்து புண்ணாவது பாதி குறையும்.
- மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது, மண்ணெண்ணெய் தடவுவது, எலுமிச்சை தேய்ப்பது எதுவும் திறந்த சொறியில் வேண்டாம். புண்தான் ஆகும்.

களிம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிப்பு என்றால் ஊரில் கை போவது மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஒரு ட்யூபுக்குத்தான். அதில் ஸ்டீராய்டு இருக்கும். தடவிய இரண்டாம் நாளே தணியும். ஆகவே விட மனம் வராது. மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். கண்ணோரம் தடவினால் கண்ணுக்கும் கேடு. அதே மருந்தைத்தான் மருத்துவரும் எழுதிக் கொடுத்தார். ஆனால் எந்த இடத்தில் எது, எத்தனை நாள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று கணக்கோடு கொடுத்தார். நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு மாத்திரைகளும் உண்டு. அவற்றில் சிலவற்றை அடிக்கடி இரத்தம் சோதித்துக்கொண்டேதான் சாப்பிட வேண்டும். எதையும் பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது. மூச்சு முட்டினாலோ, நாக்கும் உதடும் வீங்கினாலோ எந்தக் களிம்பையும் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொன்று. பார்த்தீனியம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. அதே குடும்பத்தில் சாமந்தி, செண்டுமல்லி, சூரியகாந்தி, மருளூமத்தை எல்லாம் இருக்கின்றன. பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு இவையும் ஒத்துக்கொள்வதில்லை. இவருக்குச் சாமந்தி மாலை ஆகாது. மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சம்பந்தி வீட்டார் சம்பங்கி மாலை சொல்லி வைத்திருந்தார்கள். காயத்துக்குக் கசக்கி விடுகிற வெட்டுக்காயப் பூண்டும், தலைக்குக் காய்ச்சுகிற கரிசலாங்கண்ணியும்கூட இந்தக் குடும்பம்தான். எல்லோருக்கும் தொல்லை கொடுக்கும் என்பதில்லை. இந்த ஒவ்வாமை இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது.

பக்கத்து மனை

இவ்வளவும் செய்து எங்கள் மூன்றரை ஏக்கரில் பார்த்தீனியத்தைப் பூக்க விடாமல் வைத்தோம். அரிப்பு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஐப்பசி மழை முடிந்து வெயில் அடித்ததும் மறுபடியும் முகம் கறுத்தது. காரணம் எங்கள் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. முன்னால் சோளம் விளைந்த காடு, மனை போட்டு விற்ற இடம். கல் நட்டதோடு சரி, ஒரு வீடும் எழும்பவில்லை. இடுப்பளவு பார்த்தீனியம், பூப்பூத்து வெள்ளை வெளேரென்று நின்றது. காற்று அங்கிருந்து எங்கள் வீட்டுப் பக்கம். விற்றுக் கொடுத்தவரிடம் கேட்டால், “மனைக்கு மனை ஓனருங்க, நான் யாரைன்னு கூப்பிடறது?” என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

ஒரு வருடம் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து இதைச் சொன்னேன். ஒருவர் கேட்டார்: “உங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்கலைன்னா, ஊரே செடி புடுங்கணுமா அக்கா?” கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நியாயமான கேள்விதான். பக்கத்திலிருந்த பெரியவர், “நான் இருவது வருசமா வெறுங்கையில புடுங்கறேன், என்னைய என்ன பண்ணிருச்சு?” என்றார்.

“எங்க வீட்டுக்காரரும் இருவது வருசம் வெறுங்கையிலதானுங்க பெரியப்பா புடுங்கினாரு” என்றேன்.

அதற்குப் பிறகு பேச்சு மாறியது. பால் கசக்கிறது என்று சங்கத்தில் திருப்பி அனுப்பியதை ஒரு பெண் சொன்னாள். கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை இது விழுங்கிவருவதை இரண்டு பேர் சொன்னார்கள். கார்த்திகை மாதம் பிள்ளைக்கு இளைப்பு வருகிறது என்று ஒருவர் எழுந்தார். அதற்கு இதுதான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பூப்பூத்த செடி பள்ளிக்கூடச் சுவரோரம் நிற்பது எல்லோருக்கும் தெரியும். ரோட்டோரம் நூறு நாள் வேலையில் எடுப்பது என்றும், எடுக்கிற பெண்களுக்குக் கையுறை கொடுப்பது என்றும் பேசி முடித்தார்கள். மனை இடத்துக்கு, சுற்றியுள்ள காட்டுக்காரர்கள் டீசல் செலவைப் பிரித்துக்கொண்டோம். கிடைத்த நாலைந்து மனைக்காரர்களும் பணம் அனுப்பினார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்த முறைகளைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்: பூப்பதற்கு முன்.

மழை பெய்து மூன்று, நான்கு வாரத்தில், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி கட்டாயம். ஏற்கெனவே அரிப்பு இருப்பவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. பரந்த இடத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுவதானால் இளஞ்செடியாக இருக்கும்போதே ஓட்ட வேண்டும். பூத்துக் காய்ந்த பிறகு ஓட்டினால் தூளும் விதையும் ஊர் முழுக்கப் பறக்கும். காய்ந்ததைக் கொளுத்துவதும் வேண்டாம். பூக்காத செடியைக் குழியில் போட்டுச் சாணக் கரைசல் தெளித்து மூடினால் நல்ல மக்கு உரம். பூத்த செடியை உரக்குழியில் போட்டால், அந்த உரமே அடுத்த வருடம் விதையாகக் காட்டுக்குப் போகும்.

பயிர் இல்லாத ரோட்டோரம், காலியிடங்களில் 10 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ சமையல் உப்பும், 20 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து செடி நன்றாக நனையத் தெளித்தால் காய்ந்துவிடும். பயிர் நிலத்திலும் கிணற்றோரத்திலும் இதைச் செய்யக் கூடாது, மண் கெட்டுவிடும். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடியும் அதுவேதான் முளைக்கும். ஆவாரை, தகரை, கொழிஞ்சி விதைகளை மழைக்கு முன் தூவி விட்டால் இடத்தை அவை பிடித்துக்கொள்ளும். செண்டுமல்லியும் இதற்குச் சொல்வார்கள். எங்களைப் போல ஒவ்வாமைக்காரர் இருக்கிற வீட்டுக்குக் கொழிஞ்சியும் ஆவாரையுமே போதும். கொழிஞ்சி பசுந்தாள் உரமாகவும் ஆகும்.

மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையை மொய்த்துத் தின்னும் ஒரு வண்டைப் பார்க்கலாம். வெளிர் மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடுகள் இருக்கும். இதை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். அது நம் கட்சி. பூச்சி என்று நினைத்து மருந்தடித்துவிடாதீர்கள். ஆனால் வண்டு மட்டும் வேலையை முடித்துவிடும் என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது. மழை ஓய்ந்து மண் காய்ந்தால் அது மண்ணுக்குள் போய் உறங்கிவிடும்.

பூக்கும் முன் ஒரு வாரம்

முழுக்கக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அது உண்மை இல்லை. வருடத்தில் சில வாரங்கள் இன்னும் தொல்லை உண்டு. ஆனால் மனை இடத்தைச் சுத்தம் செய்த பிறகு, என் நோட்டில் ‘தூக்கம் இல்லை’ என்று எழுதிய இரவுகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. மாடுகள் விற்கவில்லை. காடு குத்தகைக்குப் போகவில்லை. பேத்தி இப்போது தாத்தாவோடுதான் கொட்டகைக்குப் போகிறாள்.

ஒவ்வாமை ஒருவர் உடம்பில் வருகிறது. அதற்குக் காரணமான செடி யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் வளர்கிறது. துண்டு கட்டுவதும் களிம்பு தடவுவதும் ஒரு வீட்டால் முடியும். காற்றுக்கு அணை கட்ட ஒரு வீட்டால் முடியாது. இதே தொல்லையில் இருப்பவர்கள் வெட்கப்பட்டுக் கொட்டகையில் ஒதுங்கிவிடாமல், இன்ன செடியால் இது வருகிறது, இது ஒட்டாது என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். இல்லாதவர்கள், நமக்கென்ன என்று விடாதீர்கள்.

ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. அதற்கு முந்தின நாள்தான் நம் ஊர்களில் கிராம சபை. ஆடி மழையில் முளைத்தது பூக்கிற தறுவாயில் இருக்கும். இந்த வருடக் கிராம சபையில் உங்கள் ஊர் சார்பாக யாராவது ஒருவர் எழுந்து இதைப் பேசுங்கள். வேளாண் உதவி அலுவலரையும் அழையுங்கள். முதலில் பள்ளிக்கூடச் சுவரோரம், அடுத்தது குடிநீர்த் தொட்டியடி, அப்புறம் அவரவர் வரப்பு. கையுறை மறக்க வேண்டாம்.